தட்டியது, பேசவில்லை

"அம்மா, பதில் சொல்லாத ஒண்ணை எவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டே இருக்கிறது?"

சீடன் வாசலிலேயே நின்று கேட்டான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

குரு தலையைத் தூக்காமல் கேட்டார். "நீங்க எவ்வளவு நேரம் கேட்டீங்க?"

"அரை செகண்டு."

"உள்ள வந்து உக்காருங்க அண்ணே."

குருவின் வாயில் 'அண்ணே' வந்தால் நல்லதற்கில்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள்.

சீடன் பெயர் மாசிலாமணி. வயது ஐம்பத்திரண்டு, தலையில் பாதிக்கு மேல் நரை. குரு பெரியநாயகிக்கு முப்பத்தாறுதான். இருந்தாலும் சீடன் சீடன்தான். ஆகையால் கதை முடிகிறவரை அவன் 'அவன்'தான். மரியாதை வேண்டுமென்றால் அவனே சம்பாதித்துக்கொள்ளட்டும்.

இடம், சிறுமலை அடிவாரத்தில் ஒரு பழைய கோழிப்பண்ணைக் கொட்டகை. ஊர்க்காரர்கள் அதைக் கம்ப்யூட்டர் மடம் என்பார்கள். சாமி படம் கிடையாது, ஊதுபத்தி கிடையாது. சுவர் நெடுகப் பலகை அடித்து, வேறு எவரும் சீந்தாத சாமான்களை அடுக்கியிருந்தார்கள். ரேஷன் கடை எடை மேடை, ரேகை வைக்கிற கருவி, வால் அறுந்த மவுஸ், பேர் அழிந்துபோன பிரிண்டர். இவற்றுக்கெல்லாம் டிரைவர் எழுதி, கேட்டவர்களுக்குச் சும்மா கொடுப்பதுதான் மடத்தின் தொழில்.

டிரைவர் என்றால் லாரி ஓட்டுகிறவர் இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு சாமானைக் கொண்டுவந்து சொருகினால், கம்ப்யூட்டருக்கு முதலில் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: யாரோ கதவைத் தட்டுகிறார்கள். உடனே கொஞ்சம் மின்சாரம் கொடுத்து, "யார் நீ?" என்று கேட்கும். சாமான் தன் பேரைச் சொல்லும். அந்தப் பேரை வைத்துக்கொண்டு, தன்னிடம் இருக்கிற டிரைவர்களை ஒவ்வொருவராக, "இது உன் ஆளா?" என்று விசாரிக்கும். ஒருவர் "என் ஆள்தான்" என்று முன்வந்து, அதற்கு ஓர் இடம் கொடுத்து, எப்போது பேச வேண்டும் எவ்வளவு பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து வேலையில் உட்கார்த்துவார். அவர்தான் டிரைவர். கல்யாண வீட்டு வாசலில் நின்று வருகிறவர்களை வாங்க வாங்க என்று அழைத்து, பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று பார்த்துப் பந்தியில் உட்காரவைக்கிறவரைப் போல.

இதெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். பேர் சொல்லத் தெரிந்த சாமானாக இருந்தால்.

"எந்தச் சாமான் பதில் சொல்லலை?" என்று குரு கேட்டார்.

"ஒரு பிரிண்டரும்மா."

"கொண்டாந்திருக்கீங்களா?"

"இல்லை."

"பையில என்ன?"

மாசிலாமணி பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

குரு மறுபடி கேட்கவில்லை. எழுந்து போகவும் இல்லை.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்டவர், பதில் வருகிறவரை எழுந்து போகக் கூடாது. பேர் தெரியாத சாமானைச் சொருகுகிறவருக்காக ஏற்பட்ட வழக்கம் அது. சொருகிவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பேசினால், இன்ன நேரத்தில் இன்ன பேர் சொன்னது என்று நோட்டில் எழுத வேண்டும். பேசவே இல்லையென்றால் அதையும் எழுத வேண்டும்: 'தட்டியது, பேசவில்லை.' ஒரு பழைய எடை மேடைக்கு முன்னால் ஒருத்தி இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் காலையில் அது பேசியது. நாளாக ஆக, மனிதர்களிடமும் அப்படியே உட்கார ஆரம்பித்துவிட்டார்கள்.

மாசிலாமணிக்கு இது தெரியாததா? ஆறு வருஷத்துக்கு முன்னால் பதினான்கு மாதம் அங்கே இருந்து படித்தவன்தான்.

பதினொரு மணிக்குக் கேட்ட கேள்வி. பன்னிரண்டு ஆயிற்று. குரு ஒரு ஒயரின் தோலை உரித்துக்கொண்டிருந்தார். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். நீங்கள் சாப்பிடுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு இன்னொரு ஒயரை எடுத்தார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். மாசிலாமணிக்குக் குறுகுறுப்பெல்லாம் தாண்டிப்போயிருந்தது. நெஞ்சின்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாற்போல் இருந்தது.

ஒன்றேகாலுக்கு அவன் வாய் திறந்தான்.

"கிளிப்பும்மா."

"என்ன கிளிப்?"

"ஆஸ்பத்திரியில விரல்ல மாட்டுவாங்களே. ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவு இருக்குன்னு பாக்கிறது. ஒயரோட மறு முனையைப் படுக்கை பக்கத்துல எண் காட்டுற பெட்டியில சொருகணும். அந்தப் பெட்டி எங்க கம்பெனிது. டிரைவர் நான் எழுதினது."

"அதுக்கு என்ன?"

"அதை மாட்டியிருந்த ஆள் செத்துட்டாரு."

குரு கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார்.

"எடுங்க. சொருகுங்க."

மடத்தின் மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. அதற்கு அவசரம் என்பதே தெரியாது. சொருகினால் மின்சாரம் கொடுத்து, யார் நீ என்று கேட்டுவிட்டு, சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். மாசிலாமணி பையிலிருந்து கிளிப்பை எடுத்தான். வெள்ளை ஒயர், சாம்பல் நிறக் கவ்வி, துணி உலர்த்தும் கிளிப் அளவுதான் இருக்கும். சொருகினான்.

"எண்ணுங்க," என்றார் குரு.

"ஒண்ணு."

திரையில் ஒன்றும் இல்லை.

"ரெண்டு."

ஒன்றும் இல்லை. அவன் குரல் கொஞ்சம் தெளிந்தது. கிளிப் கெட்டுப்போனதாகவே இருக்கட்டும், கடவுளே, செத்த கிளிப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான்.

"மூணு."

"ம்."

"நாலு..."

கவ்விக்குள் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. திரையில் அதன் பேர் வந்தது. தயாரித்தவர் எண், சாமான் எண், எல்லாம் ஒழுங்காக, ஓர் எழுத்துப் பிசகாமல்.

மாசிலாமணி அதை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை படித்தான்.

"நோட்டு," என்றார் குரு.

கறுப்பு அட்டை நோட்டை எடுத்துக் கொடுத்தார்கள். அவன் பக்கத்தைத் தேடிப் புரட்டும்போது தன் பழைய கையெழுத்தையே பார்த்தான். ஆறு வருஷத்துக்கு முந்தியது. 'தட்டியது, பேசவில்லை.' அதன்கீழ் மறுபடியும், 'தட்டியது, பேசவில்லை.' பக்கம் பக்கமாக அவன் எழுதியிருந்தான். அப்போது அவனுக்குப் பொறுமை இருந்தது.

புதுப் பக்கத்தில் எழுதினான். 'தட்டியது. நாலாவது செகண்டில் பேசியது.'

"எத்தனை நாளா இது உங்க கையில இருக்கு?"

"அஞ்சு நாள். சோதிச்சுப் பாக்கச் சொல்லி ஆஸ்பத்திரியிலேர்ந்து கம்பெனிக்கு வந்துச்சு."

"ஏன் சொருகிப் பாக்கலை?"

"பயமா இருந்துச்சும்மா."

குரு தலையை ஆட்டினார். அது நம்பத்தகுந்த பதில்.

பிறகு மாசிலாமணி எல்லாவற்றையும் சொன்னான். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் சின்ன ஆஸ்பத்திரி. செத்தவர் பேர் ஒச்சப்பன், வயது நாற்பத்தொன்று, செங்கல் சூளையில் லோடு ஏற்றுகிறவர். குடலிறக்க ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு மயக்கம் தெளியாமல் வார்டில் கிடந்தார். பழைய கிளிப் உடைந்துபோயிருந்ததால், நர்ஸ் அலமாரியிலிருந்து புதுக் கிளிப் எடுத்து வந்தாள். வேறு கம்பெனிக் கிளிப், விலை குறைவு. பதினாலு படுக்கைக்கு அவள் ஒருத்தி. இருபது நிமிஷம் கழித்து ஒச்சப்பனின் மனைவிதான் பார்த்திருக்கிறாள், முகம் நீலமாக இருந்ததை.

"பெட்டி கத்தலியா?"

"கிளிப் பேசினாத்தான் பெட்டியில ஆக்சிஜன் வரி வரும். அந்த வரி வந்தாத்தான் எண் குறையும்போது கத்தும். வரியே வரலை."

"ஏன் வரலை?"

"நான் அரை செகண்டுதான் கேப்பேன். பதில் இல்லைன்னா கரண்டையும் நிறுத்திருவேன்."

அவன் 'டிரைவர் கேட்கும்' என்று சொல்லவில்லை. 'நான்' என்றான். குரு அதைக் கவனித்துக்கொண்டார்.

"ஏன் அரை செகண்டு?"

"பெட்டி ஆன் ஆகி வர நாப்பது செகண்டு ஆச்சு. பதினஞ்சு செகண்டுல வரணும்னு விக்கிறவங்க கேட்டாங்க. எங்கெல்லாம் காத்திருக்கோம்னு பாத்து, அங்கெல்லாம் வெட்டினேன். மூணு தடவை கேக்கிறதை ஒரு தடவையாக்கினேன். என் மேஜையில எட்டு கிளிப் இருந்துச்சும்மா. எட்டும் கால் செகண்டுக்குள்ள பேசுச்சு."

"உங்க மேஜைக்கு வராத கிளிப்பு?"

"சொருகுற சாமானுக்கான விதிப்படி அரை செகண்டுக்குள்ள பேசணும்மா. எழுதியே வச்சிருக்கு. நாலு செகண்டு எடுத்துக்கிட்டது கிளிப்போட தப்பு."

"விதியை யாரு படிச்சாங்க?"

"நான் படிச்சேன்."

"கிளிப்பு படிச்சுதா?"

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்கிற பழமொழியை இவனை வைத்துத்தான் சொன்னார்களோ என்னவோ.

"சரி," என்றார் குரு. "இப்ப எதுக்கு வந்தீங்க?"

"திங்கக்கிழமை விசாரணை. நர்ஸ் கிளிப்பைச் சொருகவே இல்லைன்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க. என்னென்ன நடந்துச்சுன்னு பெட்டி தானே எழுதிவைக்கிற குறிப்பு, அந்த லாக், அதுவும் அப்படித்தான் இருக்கு."

"லாக்ல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை. அன்னிக்கு மத்தியானம் யாரும் எதையும் சொருகினதா ஒரு வரி கிடையாது."

"சொருகியிருந்தா?"

அவன் கிளிப்பைப் பிடுங்கி ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். குரு எழுந்திருக்கவில்லை.

"சொருகியிருந்தாலும் இருக்காது," என்றான். "பேர் சொல்லாத வரைக்கும் எதையும் எழுதாதேன்னு நான்தான் எழுதிவச்சேன். சில ஆஸ்பத்திரியில சொருகுற துளை லூசா இருக்கும். ஆடிக்கிட்டே இருக்கும். 'தட்டியது, பேசவில்லை', 'தட்டியது, பேசவில்லை'ன்னு ஒரு நாளைக்கு ஆயிரம் வரி விழும். ரிப்பேர் பாக்கிறவங்க சத்தம் போட்டாங்க. அதனால எடுத்துட்டேன். லாக் சுத்தமாயிருச்சு. அதுக்காக ஒரு கேடயம்கூட குடுத்தாங்க."

கொட்டகையில் மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். அந்த வரியை எழுதச் சொல்லிக்கொடுத்த இடத்திலேயே உட்கார்ந்து, அதை அழித்ததற்குக் கேடயம் வாங்கிய கதையைச் சொல்கிறான். ஒருத்தர் எழுந்து வெளியே போனார்.

"திங்கக்கிழமை நான் என்னம்மா சொல்லணும்? கம்பெனியில ஒரு தாள் அடிச்சுக் குடுத்திருக்காங்க. 'லாக்கில் எந்தக் குறிப்பும் இல்லை. லாக் திருத்தப்படவில்லை.' ரெண்டே வரி. ரெண்டும் நிஜம். நான் பொய்யே சொல்ல வேண்டாம். கையெழுத்துப் போட்டாப் போதும்."

"போட்டா?"

"அந்தப் பொண்ணோட வேலை போகும். லைசென்ஸ் போகும். போலீஸ் கேஸும் வரும்."

"போடலைன்னா?"

"என் வேலை போகும். கம்பெனியும் போனாலும் போகும். அறுபது பேர் இருக்காங்க."

"வெளியில எத்தனை பெட்டி இருக்கு?"

"நாலாயிரத்து நூறு."

"இன்னிக்கும் ஓடிக்கிட்டு இருக்கு?"

"ஓடிக்கிட்டு இருக்கு."

குரு கண்ணை மூடித் திறந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் மாசிலாமணிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை.

"அந்தப் பொண்ணு பேர் என்ன?"

மாசிலாமணி பையைத் திறந்து விசாரணைத் தாள்களைப் புரட்டினான். மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.

"'டூட்டி நர்ஸ்'னு போட்டிருக்கும்மா."

"பேர் என்ன?"

"தெரியலை."

குரு கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கேள்வி கேட்டவர் எழுந்து போகக் கூடாது. பதில் மாசிலாமணியிடம் இல்லை. அது இருக்கிற இடம் மூன்று மணி நேரப் பஸ் பயணம்.

"அம்மா, நீங்க இன்னும் சாப்பிடலை," என்றான்.

குரு உட்கார்ந்திருந்தார்.

மாசிலாமணி பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினான்.

*

பஸ்ஸில் அந்தத் தாள்களைச் சரியாகப் படித்தான். ஐந்து நாளாகக் கையில் வைத்திருந்தும் லாக் பக்கத்தைத் தவிர வேறொன்றையும் அவன் படித்திருக்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் நர்ஸிடம் நடத்திய முதல் விசாரணை இருந்தது.

'கிளிப்பை மாட்டினீர்களா? பதில் இல்லை.'

'ஒயரைப் பெட்டியில் சொருகினீர்களா? பதில் இல்லை.'

'ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? பதில் இல்லை.'

அழுத்தக்காரி போலிருக்கிறது என்று நினைத்தான். கொஞ்சம் தைரியமாகவும் இருந்தது. தப்பு செய்யாதவள் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

நர்ஸ்கள் தங்கும் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் இருந்தது. இருபத்தைந்து வயது இருக்கும் அவளுக்கு. துணிப்பெட்டி கட்டித் தயாராக மூலையில் இருந்தது. எந்த நேரமும் போகச் சொல்லலாம் என்று கட்டிவைத்திருக்கிறாள். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள், தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"கம்பெனியிலேர்ந்து வர்றேன்," என்றான். "உங்க பேர் என்னம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். உதடு குவிந்தது. சத்தம் வரவில்லை.

மாசிலாமணிக்கு அடுத்த கேள்வி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பழக்கம். அரை செகண்டு முடிந்துவிட்டது அல்லவா?

அவள் கழுத்து நரம்பு புடைத்தது. கண் அவனை விட்டு விலகவில்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இவள் பேசாதவள் இல்லை. பேசிக்கொண்டேதான் இருக்கிறாள், இன்னும் வந்து சேரவில்லை.

அவன் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் எண்ணினான். நாலு. ஏழு. ஒன்பது.

"ஜெ... ஜெபக்கனி," என்றாள்.

பதினொன்று.

"சின்ன வயசிலேர்ந்தே இப்படித்தான் சார். ப... பயந்தா ரொம்ப வரும்." கொஞ்சம் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது. "அன்னைக்கு மூணு பேரு உக்காந்து கே... கேட்டாங்க. நான் சொல்லத்தான் செஞ்சேன். அதுக்குள்ள அடுத்த கேள்வி கேட்டுட்டாங்க."

மாசிலாமணியின் கையிலிருந்த தாளில் 'பதில் இல்லை', 'பதில் இல்லை', 'பதில் இல்லை' என்று மூன்று வரி இருந்தது. சுத்தமான தாள்.

"நான் சொருகுனேன் சார்," என்றாள் ஜெபக்கனி. இல்லாத ஒயரைக் கையில் பிடித்து, இல்லாத பெட்டியில் சொருகிக் காட்டினாள். "வரலை. எ... எடுத்துட்டுத் திரும்பச் சொருகுனேன். வரலை. மூணாவது வாட்டியும் சொருகுனேன். புதுசு, கொஞ்ச நேரம் ஆகும்போலன்னு நெனைச்சேன். அதுக்குள்ள பதினொண்ணாம் பெட்ல வாந்தின்னு கூப்பிட்டாங்க."

சொருகிக் காட்டிய கையை அவள் இறக்கவே இல்லை.

"அந்த அண்ணன் சாகும்போது நா... நான் வாந்திதான் தொடைச்சிட்டு இருந்தேன்."

மாசிலாமணி தரையைப் பார்த்தான்.

"மிஷினுக்குத் தெரியும்லா சார்?" என்று கேட்டாள். "நான் மூணு வாட்டி சொருகுனது? அதுல எ... எழுதியிருக்கும்லா?"

அவள் ஊர் நாசரேத் பக்கம். அந்த 'லா'வில் ஒரு குழந்தையின் நம்பிக்கை இருந்தது. ஐந்து நாளாக அவள் தைரியமாக இருந்ததே அதை நம்பித்தான். மனிதர்கள் காத்திருக்கமாட்டார்கள், மிஷின் எழுதிவைத்திருக்கும்.

சொல்ல வேண்டியதெல்லாம் அவன் வாய்வரை வந்தது. எழுதவில்லை அம்மா, எழுதாதே என்று சொன்னவன் நான்தான். இவ்வளவுதான். சொல்ல நாலு செகண்டு ஆகாது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா," என்று எழுந்தான்.

அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

வாசலில் செருப்பைத் தேடும்போது திரும்பிப் பார்த்தான். ஜெபக்கனி கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. கேள்வி கேட்டவள், உட்கார்ந்தே இருந்தாள். அவளுக்கு அந்த மடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

பஸ் நிலையத்திலிருந்து போன் செய்தான்.

"ஜெபக்கனி," என்றான்.

"சரி," என்றார் குரு. அவர் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்தப் பொண்ணு உங்களை ஒண்ணும் கேக்கலியா அண்ணே?" என்றார்.

மாசிலாமணி போனை அணைத்துவிட்டான்.

*

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் விசாரணை. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற டாக்டர். அவருக்கு வலப்பக்கம் ஆஸ்பத்திரிக்காரர், இடப்பக்கம் மாசிலாமணியின் மேலாளர். மேஜை ஓரத்தில், நடப்பதை எழுதிக்கொள்ள ஒருவர். சுவர் ஓரத்துப் பெஞ்சில் ஒச்சப்பனின் மனைவி. அவள் இரண்டு கையையும் விரித்து முழங்கால்மேல் வைத்திருந்தாள், அவற்றை என்ன செய்வதென்று தெரியாதவள் போல.

முதலில் ஜெபக்கனியை நிற்கச் சொன்னார்கள்.

"கடைசியா ஒரு தடவை கேக்கிறேன்," என்றார் தலைவர். "கிளிப்பைச் சொருகினீங்களா இல்லியா?"

ஜெபக்கனி வாயைத் திறந்தாள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, உக்காருங்க," என்று பக்கத்தைப் புரட்டினார்.

மாசிலாமணி எண்ணிக்கொண்டிருந்தான். இரண்டுகூட ஆகவில்லை.

அவன் முறை வந்தது. எழுந்து நின்றான். சட்டைப் பையில் அந்த இரண்டு வரித் தாள். இன்னொரு பையில் கிளிப். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. சொல்லிவிடுவது என்று நாலு தடவை முடிவு செய்து, நாலு தடவை மாற்றியிருந்தான்.

"பெட்டியோட டிரைவர் எழுதினவர் நீங்கதானே?"

"ஆமா."

"அன்னிக்கு மத்தியானம் அந்தப் பெட்டியில யாராவது ஏதாவது சொருகினாங்களா, இல்லியா?"

தாளில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. லாக்கில் குறிப்பு இல்லை என்று மட்டும்தான் இருந்தது. வயதானவர், கேள்வியை மாற்றிக் கேட்டுவிட்டார்.

மாசிலாமணி வாயைத் திறந்தான்.

சத்தம் வரவில்லை.

மேலாளர் அவனைப் பார்த்து, தாளை எடு என்று கண்ணைக் காட்டினார். மாசிலாமணிக்கு அது தெரிந்தது. பெஞ்சில் விரிந்து கிடந்த இரண்டு கைகளும் தெரிந்தன. நாலாயிரத்து நூறு பெட்டி. அறுபது வீடு. அவன் திக்குவாயன் இல்லை. ஐம்பத்திரண்டு வருஷத்தில் ஒரு சொல்லுக்காக இப்படித் தவித்ததே இல்லை.

"லாக்கை ஏற்கெனவே குடுத்திருக்கோம், அதுல ஒண்ணும் இல்லை," என்றார் மேலாளர். "அவருக்கு உடம்பு சரியில்லைன்னு நெனைக்கிறேன்."

தலைவர் பேனாவை மூடினார்.

"பதில் இல்லைன்னு எழுதிக்குங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தார். மற்ற இருவரும் எழுந்தார்கள். எழுதிக்கொண்டிருந்தவர் எழுதி முடித்துவிட்டு எழுந்தார். நாற்காலிகள் நகர்ந்தன.

ஜெபக்கனி எழுந்திருக்கவில்லை.

"இ... இருங்க சார்," என்றாள். "நான் இவருகிட்ட ஒண்ணு கே... கேட்டிருக்கேன். சொல்லுவாரு."